நைட்ரோ ஆர்.சி. கார் இஞ்சின் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நைட்ரோ ஆர்.சி. கார் என்பது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில், ரிமோட்டில் ஓடும் சின்ன கார். நேற்று வரை ஒழுங்காக ஓடிய அதன் இஞ்சின் இன்று தகராறு செய்தால் முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே திரும்பியிருக்காது. மாறியது வேறு ஏதோ ஒன்று: பிளக் தளர்ந்திருக்கும், எரிபொருளில் ஈரம் ஏறியிருக்கும், குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கும், எங்கேயோ காற்று உள்ளே இழுக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் நீடிலைத் திருகினால் இருந்த ஒரு கோளாறோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழே சொல்வதெல்லாம் பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகளில் வரும் இழுகயிறு வைத்த .18 இஞ்சினுக்கும் (0.18 கன அங்குலம், சுமார் 3 சிசி), எட்டில் ஒரு பங்கு அளவு பகியில் (மண் தரையில் ஓடும் கார்) வரும் .21 இஞ்சினுக்கும் (3.5 சிசி) பொருந்தும். சின்ன .12-க்கும் இதேதான். கார்புரேட்டரில் மெயின் நீடில் (அதிக வேகத்துக்கு), லோ ஸ்பீட் நீடில் (குறைந்த வேகத்துக்கு), ஐடில் ஸ்க்ரூ (வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகத்துக்கு) என்று மூன்று இருப்பதாக வைத்துக்கொள்கிறோம்.

தொடங்கும் முன்

இந்த இஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. பிளக்கின் உள்ளே இருக்கும் பிளாட்டினம் கம்பிச்சுருளை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரி சூடாக்கும். ஓட ஆரம்பித்தபின் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரிவதாலும், முந்தைய சுற்றின் எரிசூட்டாலும் சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். அதனால் சுருளின் மேல் அழுக்கு படிந்தாலோ, எரிபொருள் அதிகமாகி அது குளிர்ந்துபோனாலோ, அமுக்கம் குறைந்தாலோ இஞ்சின் நின்றுவிடும். இன்னொன்று: இஞ்சினுக்கு எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்து லீன் ஆக்கினால் எண்ணெயும் கூடவே குறைகிறது. லீனாக ஓடும் இஞ்சின் சீக்கிரம் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீடிலைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் லீன் (எரிபொருள் குறைவு), எதிர்த்திசையில் ரிச் (எரிபொருள் அதிகம்). ஒரு நேரத்தில் அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நல்ல செட்டிங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதிலும் பாதி போதும்.

மெயின் நீடில் இப்போது எங்கே நிற்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள். மெதுவாக உள்ளே திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதே அளவு வெளியே கொண்டுவாருங்கள். முட்டிய பிறகும் அழுத்தினால் ஊசிமுனை கெட்டுவிடும், அப்புறம் எந்தச் செட்டிங்கும் நிற்காது. லோ ஸ்பீட் நீடிலுக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும். யார் யாரோ திருகி எல்லாமே குழம்பிக் கிடக்கும் வண்டி என்றால், இஞ்சின் கையேட்டில் சொன்ன தொழிற்சாலை அளவுக்குத் திரும்பி அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த புதிய பிளக் ஒன்று, முழுச் சார்ஜில் உள்ள இக்னைட்டர் (பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவி), 8 மி.மீ. பிளக் ஸ்பானர், இன்ஃப்ராரெட் வெப்பமானி, அரை மீட்டர் சிலிக்கான் குழாய், பழைய துணி. மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

கயிறு இழுக்க வரவில்லை, கல் மாதிரி நிற்கிறது

பலம் கொண்டு இழுக்காதீர்கள். பெரும்பாலும் சிலிண்டருக்குள் எரிபொருள் நிரம்பியிருக்கும். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் இழுத்தால் கயிறு அறும், இல்லையென்றால் கனெக்டிங் ராட் வளையும்.

இக்னைட்டரை எடுத்துவிடுங்கள். எரிபொருள் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றுங்கள். பிளக்கையும் கழற்றி, சின்ன செம்பு வாஷர் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, பிளக் துளை மேல் துணியைப் போட்டுக்கொண்டு ஐந்தாறு தடவை இழுங்கள். உள்ளே இருப்பது பீய்ச்சியடித்து வெளியேறும். துணி இல்லாவிட்டால் முகத்துக்குத்தான் வரும். துணியில் ஈரம் படுவது நின்றதும் பிளக்கைத் துடைத்து மாட்டலாம். சைலன்சருக்குள்ளும் எரிபொருள் தேங்கியிருக்கும், வண்டியைச் சாய்த்து அதையும் வடியுங்கள். இதைப் பலர் விட்டுவிட்டு, மறுபடி ஏன் அடைக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிளக் இல்லாமலேயே இறுக்கமாக இருந்தால்? புது இஞ்சினில் பிஸ்டன் மேல்முனையில் சிக்கியிருக்கலாம். இந்த இஞ்சின்களின் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் உருளை) மேலே குறுகலாகச் செய்யப்பட்டது. சூடேறி விரிந்தபின்தான் பிஸ்டனுக்குச் சரியான இடம் கிடைக்கும். ஹேர் டிரையரால் தலைப்பகுதியை நன்றாகச் சூடாக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெல்ல அசைத்து விடுவியுங்கள். ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்து வைக்கும்போதும் பிஸ்டனைக் கீழ்முனையில் நிறுத்தி வைத்தால் இந்தச் சிக்கலே வராது. மாதக்கணக்கில் கிடந்த பழைய இஞ்சின் என்றால் ஆமணக்கெண்ணெய் பிசினாக உறைந்திருக்கும், அல்லது பேரிங் துருப்பிடித்திருக்கும். பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் வாய் வழியாகவும் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, சூடாக்கி, ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

கயிறு எளிதாக வருகிறது, ஆனால் ஃப்ளைவீல் சுற்றவில்லை என்றால் அது வேறு கதை. ஸ்டார்ட்டரின் ஒருவழி பேரிங் வழுக்குகிறது. கழற்றி மெத்தனாலில் கழுவிக் காயவைத்து, மிக மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் கூடாது, உருளைகள் ஒட்டிக்கொண்டு பிடிக்காமலே போகும். கழுவியும் வழுக்கினால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். எப்போதும் கயிற்றை ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாக, 25 முதல் 30 செ.மீ. வரை, சுருக்கென்று இழுத்தால் போதும். முழு நீளத்துக்கு இழுப்பதால் எந்த லாபமும் இல்லை, உள்ளே முடிச்சுதான் அறும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

முதல் சந்தேகம் பிளக், இரண்டாவது இக்னைட்டர். பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பாருங்கள். சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். ஒன்றிரண்டு வளையம் மட்டும் மங்கிச் சிவந்தால் பிளக் போய்விட்டது, அல்லது இக்னைட்டர் இறங்கியிருக்கிறது. வேறு பிளக்கைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வெளியே காற்றில் நன்றாகக் கனலும் பிளக் உள்ளே எரிபொருளில் நனைந்ததும் அணைந்துபோகலாம் என்பதை நினைவில் வையுங்கள். பாதிச் சார்ஜில் இருக்கும் இக்னைட்டர் இப்படித்தான் ஏமாற்றும். சோதனையில் தேறிவிடும், வேலையில் தோற்கும். 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி போட்ட இக்னைட்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முந்தைய நாள் சார்ஜில் போடுவது நல்ல பழக்கம்.

பிளக் சரி என்றால் எரிபொருள் கார்புரேட்டர் வரை வருகிறதா என்று பாருங்கள். சைலன்சர் வாயை விரலால் மூடி இரண்டு மூன்று தடவை இழுத்தால் குழாயில் திரவம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டரைத் தொட்டதும் விரலை எடுத்துவிடுங்கள்; ஆர்வத்தில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் முந்தைய பகுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஏறவே இல்லை என்றால் டேங்க் மூடியின் ரப்பர், சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் அழுத்தக் குழாய், டேங்க் அடியில் உள்ள வடிகட்டி, குழாய் மாட்டும் முனைகள் என்று வரிசையாகப் பாருங்கள். புதிதாகக் குழாய் மாற்றியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டீர்களா என்றும் பார்க்க வேண்டும்.

எரிபொருள் வருகிறது, பிளக் கனலுகிறது, இருந்தும் பற்றவில்லையா? ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் நடுநிலையில் இருக்கும்போது 0.5 முதல் 1 மி.மீ. திறப்பு இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் த்ராட்டில் டிரிம் இறங்கியிருக்கும், அல்லது சர்வோவின் (த்ராட்டிலை அசைக்கும் சின்ன மோட்டார்) இணைப்புக் கம்பி நழுவியிருக்கும். ரிசீவரை ஆன் செய்யாமலே கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

எரிபொருளின் வயதையும் யோசியுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊர்களில் பாதி காலியான கேனைச் சரியாக மூடாமல் சில வாரம் வைத்தாலே ஸ்டார்ட் ஆவதில் வித்தியாசம் தெரியும். புது பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாடல் விமானத்துக்கு விற்கும் 5, 10 சதவீத நைட்ரோ எரிபொருளைக் காரில் ஊற்றாதீர்கள். கார் இஞ்சினுக்குப் பொதுவாக 16 முதல் 30 சதவீதம்; .18-க்கு 20 சதவீதம் தாராளம்.

பற்றுகிறது, இக்னைட்டரை எடுத்ததும் நிற்கிறது

முதலில் பொறுமை. இஞ்சின் குளிராக இருக்கும்போதே இக்னைட்டரைப் பிடுங்கினால் எந்தப் பிளக்கும் அணையத்தான் செய்யும். லேசாக ரேஸ் செய்துகொண்டே ஒரு நிமிடமாவது ஓடவிட்டு எடுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் பழைய பிளக், அல்லது லோ ஸ்பீட் நீடில் அளவுக்கு மீறி ரிச். எடுக்கும்போது சத்தம் தொய்ந்து, புகை தள்ளி, மெல்ல இறங்கி நின்றால் ரிச். அரைக்கால் சுற்று லீன் பக்கம் கொண்டுபோங்கள். ஆனால் அதற்கு முன் புதுப் பிளக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பிளக்கில் சூட்டு வகைகள் உண்டு. சின்ன இஞ்சினுக்கும் குறைந்த நைட்ரோவுக்கும் ஹாட் அல்லது மீடியம்; .21-க்கும் 25, 30 சதவீத நைட்ரோவுக்கும் மீடியம் அல்லது கோல்ட். டர்போ பிளக்கின் முனை கூம்பாக இருக்கும். அதற்கான இஞ்சின் தலையில்தான் அது அமரும், சாதாரணத் தலையில் மாட்ட முடியாது.

ஐடில் ஒரு நிலையில் நிற்கவில்லை, ரேஸை விட்டாலும் சத்தம் இறங்க நேரமாகிறது

அதிக நேரம் தின்னும் கோளாறு இதுதான். ஒரு தடவை சரியாக இருக்கும், அடுத்த தடவை ஐடில் தானே ஏறும், நீடிலைத் திருகினால் சரியாகும், டேங்க் பாதி ஆனதும் மறுபடி ஆரம்பிக்கும். நீடிலில் என்ன செய்தாலும் அரை மணி நேரம்கூட நிற்காத இஞ்சினில் காற்றுக் கசிவு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடலாம்.

அதற்கு முன் எளிதானதை முடியுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, இஞ்சின் நின்றிருக்கும்போது த்ராட்டிலைத் திறந்து விடுங்கள். கார்புரேட்டர் ஸ்லைடு முழுவதும் திரும்பி வருகிறதா? மண் புகுந்த ரப்பர் உறை, வளைந்த கம்பி, இறுகிய பால் ஜாயின்ட் ஏதாவது ஒன்று அதை நடுவில் பிடித்து வைக்கலாம்.

ஸ்லைடு சரி என்றால் இஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, எரிபொருள் குழாயைக் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் விரல்களால் நசுக்கிப் பிடியுங்கள். இரண்டு முதல் நான்கு வினாடி ஓடி, சத்தம் கொஞ்சமே ஏறி, நின்றால் லோ ஸ்பீட் நீடில் சரியான இடத்தில் இருக்கிறது. பிடித்த உடனே நின்றால் லீன். வெகுநேரம் ஓடி, சத்தம் நன்றாக ஏறி, பிறகு நின்றால் ரிச். இந்தச் சோதனையை மூன்று தடவை செய்யுங்கள். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால் நீடில் பிரச்சினை, திருத்திவிடலாம். தடவைக்குத் தடவை மாறினால் கசிவு.

கசியும் இடங்கள் மூன்று. கார்புரேட்டரின் கழுத்து இஞ்சினில் நுழையும் இடம் முதலாவது. அங்கே ஒரு ஓரிங் இருக்கும், சூட்டில் காய்ந்து தட்டையாகிவிடும். இரண்டாவது பின்தகடு, இழுகயிறு வைத்த இஞ்சின்களில் ஸ்டார்ட்டர் அதன் மேல்தான் உட்காரும், இழுத்து இழுத்து நான்கு ஸ்க்ரூவும் தளரும். மூன்றாவது முன் பேரிங். கிளட்ச் பக்கம் எப்போதும் எண்ணெய் ஈரமாக இருந்து, தூசி அப்பியிருந்தால் முன் பேரிங் கசிகிறது.

நிச்சயப்படுத்த, இஞ்சினைக் கழற்றி வெளியே நன்றாகக் கழுவுங்கள். பிஸ்டனைக் கீழ்முனையில் வைத்து, கார்புரேட்டர் வாயையும் எரிபொருள் முனையையும் அடைத்து, எக்ஸாஸ்ட் துளையில் குழாய் சொருகிய ரப்பர் அடைப்பானை வையுங்கள். மூட்டுகளைச் சுற்றி எண்ணெய் தடவிக் குழாயில் ஊதினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். முன் பேரிங்கில் ஓரிரண்டு குமிழ் மெதுவாக வந்தால் பரவாயில்லை, நுரை தள்ளினால் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் மேல் ஸ்பிரே அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். பழுக்கச் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளைத் தெளிக்கும் வேலை அது, வேண்டாம்.

கசிவை மூட, இரண்டு பக்கமும் மெத்தனாலால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் சீலன்டை மயிரிழை கனத்துக்குத் தடவுங்கள். அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கி, பிய்ந்து, இஞ்சினுக்குள் போகும். ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 24 மணி நேரம் காயவிடுங்கள்.

த்ராட்டில் கொடுத்ததும் திணறுகிறது

பத்து வினாடி ஐடிலில் விட்டு முழு த்ராட்டில் கொடுங்கள். காதும் கண்ணும் போதும். கொடகொடவென்று, நீலப்புகை தள்ளி, தயங்கி, பிறகு பிக்கப் ஆனால் லோ ஸ்பீட் ரிச். புகையே இல்லாமல், சத்தம் சட்டென்று அறுந்து நின்றால் லீன். இரண்டையும் குழப்பிக்கொண்டு லீன் இஞ்சினை இன்னும் லீனாக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய சேதம். சந்தேகம் இருந்தால் முதலில் ரிச் பக்கம் திருப்பிப் பாருங்கள். ரிச்சாக ஓடிக் கெட்டுப்போவதைவிட லீனாக ஓடிக் கெட்டுப்போகும் வேகம் பல மடங்கு.

வரிசை முக்கியம். மெயின் நீடில் முதலில், லோ ஸ்பீட் அடுத்து, ஐடில் ஸ்க்ரூ கடைசி. மெயின் நீடில் வழியாக வரும் எரிபொருள்தான் கீழ்நிலைக்கும் போகிறது. ஐடிலை அழகாகச் செட் செய்துவிட்டு மெயினை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். லோ ஸ்பீடை லீன் ஆக்கும்போது ஐடில் ஏறும், அப்போது ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

நேர்க்கோட்டில் முழு வேகத்தில் போகும்போது சத்தம் அறுகிறது

மெயின் நீடில் லீன், அல்லது எரிபொருள் போதிய அளவு வந்து சேரவில்லை. அரைக்கால் சுற்று ரிச் ஆக்கியதும் சரியானால் நீடில். கால் சுற்று, அரைச் சுற்று என்று போய்க்கொண்டே இருந்தும் மாறவில்லை என்றால் பாதையில் தடை. டேங்க் வடிகட்டியில் பிசின் பிடித்திருக்கும், சைலன்சரின் அழுத்த முனையில் கரி அடைத்திருக்கும், எக்ஸாஸ்ட் குழாயும் சைலன்சரும் சேரும் ரப்பர் கிழிந்து அழுத்தம் வீணாகும்.

டேங்கைச் சோதிக்க, கழற்றிக் காலி செய்து, ஒரு முனையை விரலால் மூடி, இன்னொன்றில் குழாய் மாட்டி, வாளித் தண்ணீரில் முக்கி ஊதுங்கள். வாயால் ஊதாமல் சிரிஞ்சால் ஊதினால் எரிபொருள் வாய்க்கு வராது. மூடியிலோ ஒட்டிலோ குமிழ் வந்தால் அதுதான். டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, கால்வாசிக்கு இறங்கியதும் லீனாகி அறுந்துபோகும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்த மூடி ரப்பர்தான். மலிவான உதிரி, ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அதிகச் சூடு

பிளக்கை ஒட்டி, மேலிருந்து நேராகத் தலைக்குள் பார்த்து அளந்தால் 105 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். 130-ஐத் தாண்டினால் ரிச் ஆக்குங்கள், 140-இல் நிறுத்துங்கள். வெப்பமானியை மட்டும் நம்பி ட்யூன் செய்ய முடியாது. ஒவ்வொரு இஞ்சின் தலையும் சூட்டை வெளியேற்றுவது வேறு மாதிரி. முழு வேகத்தில் மெல்லிய புகைக்கோடு தொடர்ந்து தெரிய வேண்டும். 115 டிகிரி காட்டியும் புகை இல்லாத இஞ்சின் ஆபத்தில் இருக்கிறது. 128 காட்டியும் புகை நன்றாக விடுவது பிழைத்துக்கொள்ளும்.

ரிச் ஆக்கியும், புகை வந்தும், சூடு இறங்கவில்லை என்றால் கோளாறு இஞ்சினுக்கு வெளியே. சக்கரங்களைத் தூக்கிவிட்டு வண்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் தட்டு உரசுகிறதா, வீல் பேரிங் இறுகியிருக்கிறதா? கிளட்ச் பெல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையில் ஒரு நோட்டுத்தாள் துண்டை நுழைத்துச் சுற்றினால் தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வர வேண்டும். கிழிந்தால் பற்கள் நெருக்கம். கிளட்ச் வழுக்கினாலும் சூடு ஏறும். பாடியின் முன் கண்ணாடியை வெட்டித் திறக்காமல் ஓட்டினால் தலைக்குக் காற்றே போகாது.

அளவுக்கு மீறிச் சூடான இஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஸ்லீவ் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வடிவம் மாறும். நிறுத்தி, பாடியைக் கழற்றி, நிழலில் வையுங்கள்.

குறைந்த சூடும் நல்லதல்ல. 90-க்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் ஸ்லீவ் விரியாமல் பிஸ்டன் மேல்முனையில் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசித் தேயும். புது இஞ்சினை ஓட்டிப் பழக்கும்போது, பாதுகாப்பு என்று நினைத்து மிக ரிச்சாக, குளிராக ஓட்டுவது இதனால்தான் தவறு.

வானிலை விஷயத்தில் மட்டும் நீடிலைத் திருகத்தான் வேண்டும். மே மாத மதியம் சென்னையில் ட்யூன் செய்த வண்டியை டிசம்பர் விடியற்காலை எடுத்தால் காற்று அடர்த்தியாக இருக்கும், அதே நீடிலில் இஞ்சின் லீன் ஆகிவிடும். ஓட்டும் முன் அரைக்கால் சுற்று ரிச் ஆக்கிக்கொள்ளுங்கள். ஊட்டிக்குக் கொண்டுபோனால் நேர்மாறு. 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிவு, வண்டி ரிச்சாகி மந்தமாக ஓடும்.

குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் ஆவதில்லை

தலையில் ஈரத்துணி போட்டுக் குளிர்வித்தால் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. சூட்டில் ஸ்லீவ் விரிந்ததும் அமுக்கம் போய்விடுகிறது. பிளக்கோடு, குளிர்ந்த நிலையில் ஃப்ளைவீலை விரலால் சுற்றுங்கள். மேல்முனையில் நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும், புது இஞ்சினில் கீச்சென்று சத்தம்கூட வரும். வழவழவென்று சுற்றினால் கதை முடிந்தது. பிளக் வாஷர் கசிகிறதா, தலை ஸ்க்ரூக்கள் தளர்வா என்று மட்டும் பார்த்துவிட்டு, பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராட் மூன்றையும் சேர்த்து ஒரே செட்டாக மாற்றுங்கள். மலிவு .18 இஞ்சின்களில் இந்த செட்டின் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது இஞ்சினே வரும். கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

தேய்மானத்துக்குப் பெரிய காரணம் தூசி. ஃபில்டர் ஸ்பாஞ்சை எண்ணெயில் நனைத்துப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் மண்ணைப் பிடிக்காது. ஃபில்டரைக் கழற்றியபின் கார்புரேட்டர் வாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். நறநறவென்றால் ஃபில்டர் கழுத்து கிழிந்திருக்கிறது, அல்லது சரியாகக் கட்டப்படவில்லை.

பிளக் அடிக்கடி போகிறது

போன பிளக்கைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். சுருள் பளபளவென்று, வடிவம் கெடாமல் இருந்தால் கலவை சரி அல்லது கொஞ்சம் ரிச். சாம்பல் பூத்து மங்கியிருந்தால் லீன். நசுங்கி, முறுக்கிக்கொண்டிருந்தால் லீனோடு அமுக்கமும் அதிகம்; தலைக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று கூட்டலாம், அல்லது நைட்ரோ சதவீதத்தைக் குறைக்கலாம். சுருளின் மேல் சின்னச் சின்ன உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே பேரிங்கோ கனெக்டிங் ராடோ பிய்ந்துகொண்டிருக்கிறது. பின்தகட்டைக் கழற்றி ராடின் கீழ்முனை ஆட்டத்தைப் பாருங்கள். சுருளே காணவில்லை என்றால் அந்தத் துண்டு உள்ளே போயிருக்கலாம்; பிளக் இல்லாமல் தலைகீழாகப் பிடித்துச் சுற்றி வெளியேற்றுங்கள்.

ஐடிலிலேயே வண்டி நகர்கிறது, பிரேக் பிடித்தால் இஞ்சின் நிற்கிறது

ஐடில் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது கிளட்ச் பெல் பேரிங் இறுகியிருக்கிறது. பெல்லைக் கையால் சுற்றினால் இஞ்சின் கூடவே சுற்றக்கூடாது. பேரிங் விலை குறைவு. கழுவிப் பயன்படுத்துவதைவிட மாற்றுவதே மேல்.

நிறுத்த முடியாமல் ரேஸ் ஆகிறது

ரிசீவர் பேட்டரி இறங்கி சர்வோ திறந்த நிலையில் செத்துவிட்டால் இது நடக்கும். தடித்த துணியாலோ ஷூ முனையாலோ சைலன்சர் வாயை அடைத்தால் நிற்கும். எரிபொருள் குழாயை நசுக்கினாலும் நிற்கும், ஆனால் நிற்பதற்கு முன் லீனாகி இன்னும் உறுமும். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீல் பக்கம் விரல் போகக்கூடாது. ரிசீவரில் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் சர்வோவைக் குறித்த நிலைக்குக் கொண்டுபோகும் வசதி) இருந்தால் பிரேக் நிலைக்கு அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். பேட்டரியே செத்தால் ஃபெயில்சேஃபும் வேலை செய்யாது. அதற்குக் கார்புரேட்டர் கையில் மூடும் திசையில் ஒரு ஸ்பிரிங்கோ ரப்பர் பேண்டோ மாட்ட வேண்டும்.

போன வாரம் நன்றாக ஓடியது, இந்த வாரம் எதுவும் சரியில்லை

ஓட்டி முடித்தபின் டேங்கில் எரிபொருளை விட்டுவிட்டிருப்பீர்கள். மெத்தனால் ஈரத்தை இழுத்துப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், எண்ணெய் பிசினாகும். நாள் முடிவில் டேங்கை வடித்து, குழாயில் மிச்சம் இருப்பதை ஐடிலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, பிளக் துளையில் மூன்று சொட்டு, கார்புரேட்டர் வாயில் நான்கைந்து சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்தபின் துருப்பிடிக்காமல் இருக்க விடுவது) விட்டு, ஏழெட்டு தடவை கயிற்றை இழுங்கள். பிளக்கை மாட்டி, பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து, ஃபில்டரைத் திரும்ப மாட்டி மூடி வையுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது இந்த எண்ணெய் பிளக் சுருளை நனைத்திருக்கும். பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் எரித்துக் காயவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.